மரப்பலகை அடித்த ஹாலுக்கு எந்த நிற சோபா? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான கேள்வி பதில்

தொண்டி, கீழக்கரை, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் ஹாலில் ஒரு சுவருக்காவது மரப்பலகை அடிக்கும் வழக்கம் வந்துவிட்டது. பழைய வீடுகளில் அசல் தேக்கு இருக்கும். புது வீடுகளில் ப்ளைவுட் மேல் வெனீர் (மெல்லிய அசல் மரத் தகடு) அல்லது லேமினேட் (மரம் போல அச்சடித்த தகடு). ஆசாரி வேலை முடிந்து, பாலிஷ் காய்ந்து, கணக்கெல்லாம் தீர்ந்த பிறகுதான் சோபா பேச்சு எழும். அப்போது என்னிடம் வருகிற கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் கீழே.

சுவர்ப் பலகையின் நிறத்திலேயே சோபா எடுத்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போகாதா?

சேர்ந்து போகும், சிக்கலே அதில்தான். சுவர் பழுப்பு, சோபா பழுப்பு, முன்னால் கிடக்கும் டீப்பாயும் பழுப்பு என்று ஆகிவிட்டால் காசு போட்டு அடித்த மரம் கண்ணில் படவே படாது. கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருப்பது அதைவிட மோசம். தேக்குச் சுவருக்கு முன்னால் அதைவிடச் சற்றே சிவந்த பழுப்பு சோபா கிடந்தால், ஜோடி சேர்க்கப் பார்த்து முடியாமல் போய்விட்டது என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். பழுப்பைவிட மனமில்லை என்றால் சுவரைவிட நன்றாக வெளுத்த தவிட்டு நிறத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் நன்றாக இருண்ட காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போங்கள். நடுவில் நிற்க வேண்டாம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

அந்த மரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதிலிருந்து. கேலியாகக் கேட்கவில்லை. தாத்தா காலத்துத் தேக்கு என்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். வாடகை வீட்டில் யாரோ அடித்துவிட்டுப் போன ஆரஞ்சு நிற லேமினேட் என்றால் எப்போது மறையும் என்றிருக்கும். சோபாவின் நிறம் இந்த இரண்டு வேலையில் ஏதாவது ஒன்றைத்தான் செய்யும்: மரத்தை எடுத்துக் காட்டும், அல்லது அடக்கி வைக்கும்.

ஒரு நிறம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறாகத் தெரியும். பாரிசில் கோபெலான் என்ற பழைய நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தபோது, அங்கே சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் மிஷேல் எழேன் ஷெவ்ரோல் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் ஓடிய நீல நூல்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். சோபா விஷயத்திலும் அதே கதைதான். மரம் எந்த நிறத்தின் பக்கம் சாய்கிறதோ, நிறச் சக்கரத்தில் அதற்கு எதிர்ப்பக்கத்து நிறத்தை வைத்தால் மரம் துலங்கும். அதே பக்கத்து மங்கலான நிறத்தை வைத்தால் மரம் அடங்கும்.

மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எப்படித் தெரியும்? எல்லாமே பழுப்பாகத்தான் தெரிகிறது.

வெளுத்த வெள்ளை வேட்டி ஒன்றை மடித்துப் பலகைமேல் பிடித்துப் பாருங்கள். பகலில், ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு. வெள்ளைக்குப் பக்கத்தில் மரத்தின் உள்நிறம் தானாக வெளியே வரும்.

தேக்கு பொன்மஞ்சளாகத் தெரியும். அறுத்த புதிதில் திட்டுத் திட்டாக இருந்தாலும் வெளிச்சம் பட்டுப் பட்டு ஒரே சீரான பொன்பழுப்புக்கு வந்துவிடும். பலா முதலில் நல்ல மஞ்சள், வருஷம் போகப் போகக் கறுத்துச் சிவக்கும். வேங்கையும் வேம்பும் சிவப்புப் பக்கம். ஈட்டியில் ஊதா கலந்த கருமை இருக்கும். நம் கரையோரத்தில் தாராளமாக வளரும் பூவரசின் வைரம், அதாவது முற்றிய நடுமரம், அடர்ந்த சாக்லேட் நிறம். லேமினேட் என்றால் மரத்தின் பெயரை நம்பாதீர்கள், ‘வால்நட்’ என்று அட்டையில் போட்டிருப்பதில் பாதி சாம்பல் கலந்த பழுப்பு, மீதி சிவப்பு.

ஒன்றைக் கவனியுங்கள். பாலிஷ் போட்டு ஒரு மாதம்கூட ஆகாத அசல் மரத்தைப் பார்த்து சோபா நிறத்தை முடிவு செய்ய வேண்டாம். அந்த நிறம் இன்னும் மாறும்.

கீழக்கரையில் எங்கள் வீடு. வாப்பா ஹாலின் மூன்று சுவருக்கும் பர்மாத் தேக்குப் பலகை அடித்து வைத்திருக்கிறார். பாலிஷ் மேல் பாலிஷ் போட்டுக் கறுத்துவிட்டது. தெருப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். உம்மா மெரூன் வேண்டும் என்கிறார், லாத்தா (அக்கா) வெள்ளை என்கிறார். யார் சொல்வது சரி?

லாத்தா பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஆனால் பால் வெள்ளை வேண்டாம்.

இருண்ட மரம் மூன்று பக்கமும் இருந்தால் ஜன்னலில் வருகிற வெளிச்சத்தை அதுவே உறிஞ்சிவிடும். சோபா அந்த அறையில் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் பொருளாக இருக்க வேண்டும். மெரூன் அதைச் செய்யாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட வேண்டியிருக்கும். அதே நேரம் கறுத்த தேக்குக்கு முன்னால் தூய வெள்ளை வைத்தால் சோபா மட்டும் அறையிலிருந்து துண்டாக நிற்கும், மரம் இன்னும் கறுப்பாகத் தெரியும். சந்தன நிறம், காய்ந்த ஓலை நிறம், கடல் மணல் நிறம் இவை மூன்றில் ஒன்று சரியாக வரும். இந்த நிறங்களில் எல்லாம் ஒரு துளி மஞ்சள் இருப்பதால் தேக்கோடு உறவு விட்டுப்போகாது.

துணியில் நெசவு தெரிய வேண்டும் என்பது முக்கியம். வழவழப்பான ஒரே நிறத் துணி, பாலிஷ் பளபளக்கும் பலகைக்கு முன்னால் மலிவாகத் தெரியும். முரட்டு நூல் நெய்த பருத்தி, லினன் கலவை, ஷெனீல் மாதிரி விரலுக்குத் தட்டுப்படுகிற துணியாகப் பாருங்கள். உம்மாவின் மெரூனை விட்டுவிட வேண்டாம். இரண்டு திண்டு உறையிலும் தரைவிரிப்பின் கரையிலும் அது வரட்டும். அந்த அளவில் மெரூன் அந்த ஹாலுக்கு அழகுதான்.

பலகையை ஒருமுறை சுரண்டி மறுபாலிஷ் போட முடியுமா என்று ஆசாரியிடம் கேளுங்கள். பழைய பாலிஷ் அடுக்கை எடுத்தாலே பர்மாத் தேக்கு மீண்டும் பொன்னிறத்துக்கு வரும். அப்புறம் சோபாவுக்கு எடுக்கக்கூடிய நிறங்கள் இரண்டு மடங்காகிவிடும்.

கடல் பக்கத்து வீடு என்பதால் நீலம் எடுக்க ஆசை. தேக்குக்குச் சேருமா?

சேரும், நன்றாகவே. தேக்கின் ஆரஞ்சுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது நீலம். கருநீல சோபாவுக்குப் பின்னால் தேக்கு பொன்னாகத் தெரியும். எம்.எஸ். ப்ளூ புடவையில் தங்கச்சரிகை ஏன் அப்படி எடுப்பாக இருக்கிறது என்று யோசித்தால் புரிந்துவிடும்.

ஆனால் மரத்தைப் பிடிக்காதவர்கள் நீலத்தின் பக்கம் போகவே கூடாது. ஆரஞ்சு லேமினேட்டுக்கு முன்னால் நீல சோபா போட்டால் அந்த ஆரஞ்சு இன்னும் கத்தும்.

வெளிர்நீலம், வான நீலம் எல்லாம் கடை விளக்கில் பார்க்கும்போதுதான் கடல் மாதிரி இருக்கும். வீட்டில் மரத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி நிறமாகிவிடும். கருநீலம், அல்லது சாம்பல் கலந்த நீலம், இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பச்சை?

பாசிப் பச்சை எல்லா மரத்துக்கும் போகும். எதைத் தேர்வது என்றே தெரியவில்லை என்பவருக்கு நான் சொல்வது அதுதான். கிளிப்பச்சை எதற்கும் போகாது.

மெரூன் ரெக்சின் சோபாதானே எல்லார் வீட்டிலும் இருந்தது? இப்போது மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

எல்லார் வீட்டிலும் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் இருந்தது. அதற்கு முன்னால் மெரூன் நன்றாகத்தான் இருந்தது. சுவர் மரமானபிறகு கணக்கு மாறிவிட்டது. வேங்கை மாதிரி சிவந்த பலகைக்கு முன்னால் அரக்கும் மெரூனும் ஒன்றையொன்று தின்றுவிடும். பொன்மஞ்சள் தேக்குக்கு முன்னால் சிவப்பு வைக்கலாம், ஆனால் அது காய்ந்த குண்டு மிளகாயின் அடர்ந்த சிவப்பாக இருக்கட்டும். நம் ஊர் மிளகாய்தான், 2023இல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது, களத்தில் காயும்போது பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா முழுவதும் வேண்டாம், ஒற்றை நாற்காலி போதும்.

கடையில் எல்லாரும் சாம்பல் நிறத்தையே காட்டுகிறார்கள். எடுத்துவிடலாமா?

இப்போது ஃபேஷன் அதுதான், குடோனில் அதிகம் இருப்பதும் அதுதான். வெள்ளைச் சுவரும் வெள்ளை டைல்ஸும் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு யோசித்த நிறம் அது. நீலம் ஓடுகிற குளிர்ச்சியான சாம்பலைத் தேக்குக்கு முன்னால் வைத்தால் தேக்கு தேவைக்கு மேல் ஆரஞ்சாகும், சோபா அழுக்கான நீலமாகும். இரண்டுக்கும் நஷ்டம். பழுப்பு கலந்த சாம்பல், அதாவது யானைத் தோல் நிறம், பரவாயில்லை. மரத்தை அடக்கி வைக்க நினைப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. சாம்பல் சாய்ந்த வால்நட் லேமினேட் என்றால் எந்தச் சாம்பலும் போகும்.

மணலும் உப்புக் காற்றும் இருக்கும் ஊரில் வெளிர் நிறம் அழுக்காகாதா? அடர் நிறம்தானே பாதுகாப்பு?

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே அழுக்கு என்பது சேறும் கரியும் கொஞ்சம், மணலும் உப்பும் நிறைய. இரண்டும் வெளுத்த நிறம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மண்டபம் பக்கத்து வீடுகளில் சாயங்காலத்துக்குள் சோபா கையில் மணல் படிந்துவிடும். கறுப்பு சோபாவிலும் கருநீல சோபாவிலும் அது பளிச்சென்று தெரியும். கடலில் குளித்துவிட்டு வந்த பிள்ளை ஈர டிரவுசரோடு உட்கார்ந்து எழுந்தால் காய்ந்தபின் வெள்ளைத் தடம் நிற்கும். அதுவும் அடர் நிறத்தில்தான் தெரியும். தூய வெள்ளையில் வேறு வம்பு. தலை எண்ணெய், மீன் குழம்பு, இரும்பு பட்ட இடத்தில் துருக்கறை, எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

அதனால் நடுத்தர நிறம். அதிலும் இரண்டு மூன்று நூல் நிறம் கலந்து நெய்தது. மணல் நிறத்தில் பழுப்பு நூல் ஓடுகிற துணி, பாசிப் பச்சையில் மஞ்சள் கலந்தது, இப்படி. கருநீலம் எடுப்பதானால் ஒரே கருநீலமாக இல்லாமல் சாம்பல் நூல் ஓடியதாக எடுங்கள்.

உப்பைப் பற்றி இன்னொன்று. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கத் தொடங்கும். உப்புப் படிந்த துணி இரவில் பிசுபிசுப்பது இதனால்தான். எந்த நிறம் எடுத்தாலும் உறையைக் கழற்றித் துவைக்க ஜிப் வைக்கச் சொல்லுங்கள். கழற்ற முடியாத சோபாவை இந்தக் கரையில் வாங்கவே வாங்காதீர்கள்.

ரெக்சின் என்றால் துடைத்துவிடலாமே?

துடைக்கலாம். ஆனால் பூச்சில் பாலியூரித்தேன் இருக்கும் செயற்கைத் தோல், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மெதுவாகச் சிதைந்து செதில் செதிலாக உரியும். பழைய பிவிசி ரெக்சின் விறைத்து வெடிக்கும். பங்குனி, சித்திரையில் முதுகு ஒட்டிக்கொள்வதைச் சொல்லவே வேண்டாம். நிறம் என்று பார்த்தாலும், கடைக்காரர் விரும்பிக் காட்டும் ‘டேன்’ நிறம் தேக்குக்கு மிக நெருங்கிய பழுப்பு. முதல் கேள்வியில் சொன்ன வம்புதான்.

எங்கள் வீடு ராமேஸ்வரத்தில். சொந்தக்காரர்கள் கோயிலுக்கு வந்தால் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு அப்படியே ஈரத்தோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒன்றும் சொல்லவும் முடியவில்லை.

அவர்களுக்காகச் சோபாவின் நிறத்தை மாற்ற வேண்டாம். வாசல் பக்கம் ஒரு மர பெஞ்ச் போடுங்கள், பலகைச் சுவரின் அதே மரத்தில். அதில் குஷன் வேண்டாம். “மாமா, இப்படி உட்காருங்க, காப்பி கொண்டு வரேன்” என்றால் வேலை முடிந்தது. அதோடு ஃபேனுக்கு நேர் கீழே அந்த பெஞ்ச் இருந்தால் எழுந்து போகவும் மாட்டார்கள்.

கடையில் பார்த்த நிறம் வீட்டில் வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்?

விளக்கு. நம் வீடுகளில் அநேகமாக 6500 கெல்வின் ட்யூப்தான், அட்டைப்பெட்டியில் ‘கூல் டேலைட்’ என்று இருக்கும். அந்த நீலம் கலந்த வெள்ளை, தேக்கின் பொன்னைச் செத்த பழுப்பாக்கிவிடும். சந்தன நிறத் துணி பச்சையடித்தது போல ஆகும். சோபாவை மாற்ற யோசிப்பவர்கள் முதலில் ஒரு பல்பை மாற்றிப் பாருங்கள். 3000 கெல்வின் வார்ம் ஒயிட் போட்டால் மரம் உயிர்பெறும், ஆனால் கருநீலம் கிட்டத்தட்டக் கறுப்பாகும். பிள்ளைகள் ஹாலிலேயே படிக்கிறார்கள் என்றால் 4000 நடுவாக இருக்கும்.

எந்த விளக்கு என்று முடிவு செய்தபிறகு துணியை முடிவு செய்யுங்கள். வரிசை மாறக்கூடாது.

சோபா நிறம் வெளிறிப் போகிறது. வடக்கு ஜன்னல்தான், அதில் எங்கே வெயில்?

நாம் இருப்பது சுமார் 9 பாகை வட அட்சத்தில். சித்திரை பிறப்பிலிருந்து ஆவணி நடு வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நாலரை மாதம் வடக்கு ஜன்னலுக்கும் வெயில் உண்டு. வெளியே வெள்ளை மணல் முற்றம் இருந்தால் அதன் எதிரொளி வேறு. கண்ணாடி போட்டிருந்தாலும் சாயம் வெளுக்கும்.

துணி வாங்கும்போது ஒளித்தாங்கும் தரம் கேளுங்கள். 1 முதல் 8 வரை மதிப்பெண், 5க்குக் குறைந்தால் ஜன்னல் பக்கம் வேண்டாம். கூடவே மார்ட்டின்டேல் எண்ணும் கேட்டுவிடுங்கள். அது துணி தேயாமல் எத்தனை உரசல் தாங்கும் என்பதன் அளவு, குடும்ப உபயோகத்துக்கு 20,000க்கு மேல் இருந்தால் நல்லது. அடர்ந்த சிவப்பும் நீலமும் வெளிறினால் திட்டாகத் தெரியும், மணல் நிறம் வெளிறினாலும் மணல் நிறம்தான்.

சோபாவுக்கு ஸ்டீல் கால் வைக்கலாமா, தங்க நிறத்தில்?

வேண்டாம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று சோதிக்க மண்டபம் முகாமில் ஒரு மையம் வைத்தது. அந்த அளவுக்குத் துருவுக்குப் பேர் போன இடம் இது. தங்க நிறப் பூச்சு இங்கே நிற்காது, துருநீர் இறங்கித் தரையிலும் கறை விழும். மரக்கால் வையுங்கள். பலகைச் சுவரைவிட ஒரு படி அடர்ந்த பாலிஷ் இருக்கட்டும்.

புடவைக் கடை மாதிரி விரித்துப் பார்த்து வாங்க முடியாதே. வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

புடவையை வைத்தே சோதிக்கலாம். நினைத்திருக்கும் நிறத்துக்கு நெருக்கமான ஒரு பருத்திப் புடவையோ போர்வையோ பீரோவில் நிச்சயம் இருக்கும். பழைய சோபாமேலோ, வரிசையாகப் போட்ட நாற்காலிமேலோ அதை இழுத்து மூடிப் பலகைச் சுவருக்கு முன்னால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். காலை வெயிலிலும் மத்தியானமும் ராத்திரி விளக்கிலும் போகிற போக்கில் பார்த்தாலே போதும், உட்கார்ந்து ஆராய வேண்டியதில்லை. பட்டு வேண்டாம், அதன் மினுக்கு ஏமாற்றும். கடையில் தரும் உள்ளங்கை அகல சாம்பிளை வைத்து மட்டும் ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். பெரிய பரப்பில் அதே நிறம் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

கடைக்காரரிடம் நிறம் சொல்லவும் புடவைப் பெயர்களே உதவும். பாக்கு நிறம், வெங்காய நிறம், மயில்கழுத்து என்றால் கேட்லாக் பார்க்காமலே எடுத்துத் தருவார்.

வாஸ்துப்படி?

இரண்டு நிறமாகக் குறுக்கிக்கொண்டு போய் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் எதைச் சொன்னாலும் உங்களுக்குச் சம்மதமாக இருக்கும்படி அந்த இரண்டையும் தேர்ந்து வையுங்கள்.

ஏற்கெனவே தேக்கு நிறத்திலேயே சோபா வாங்கியாச்சு. இனி என்ன செய்ய?

சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் வேறு நிறம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். முதுகு சாயும் இடத்தின்மேல் சந்தன நிறத்தில் நீண்ட பருத்தி விரிப்பு ஒன்று மடித்துப் போட்டால் இரண்டு பழுப்பும் பிரிந்துவிடும். கீழே வெளிர் நிறத் தரைவிரிப்பு அல்லது கோரைப்பாய். சோபாவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள், அந்த நிழலே ஒரு கோடு மாதிரி பிரித்துக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோபா முதுகிலும் பலகையிலும் பூசணம் பூக்காமல் இருக்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

துணி வாங்கிக் குஷன் கடையில் கொடுத்து உறை தைக்கப் போகிறோம். எவ்வளவு துணி?

மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு 54 அங்குல அகலத் துணி பத்து மீட்டருக்கு மேல் பிடிக்கும், சரியான அளவைத் தைப்பவரே சோபாவைப் பார்த்துச் சொல்வார். அவர் சொன்னதற்கு மேல் இரண்டு மீட்டர் சேர்த்து எடுத்து, வெயில் படாமல் சுருட்டி வையுங்கள். சாயத் தொட்டி மாறினால் அதே எண் போட்ட துணியும் ஒரு சாயல் வேறாகத்தான் வரும். துணிச் சுருளில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்து பில்லோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள்.